ஒன்பதாம் பக்கம்

கிளிமூக்கு மாங்காய்க்கு
மூக்கு ஏற்கெனவே இருக்கிறது,
கண் மட்டும் போட்டால் போதும்,
கை கால் வேண்டுமானால் ஒட்டிக்கொள்ளலாம் என்று
முதல் நாள் நான்தான் சொன்னேன்.
திம்மராயன் சார் மேசையைத் தட்டிச் சிரித்தார்.
பன்னிரண்டு பக்கம், பக்கத்துக்கு ஆயிரத்து ஐநூறு.
சீசன் முடிவதற்குள் அச்சுக்குப் போக வேண்டும்.
அங்கன்வாடிக்கெல்லாம் இலவசமாகக் கொடுக்கப்போகிறார்;
பின்னட்டையில் அவருடைய ஃபேக்டரியின்
மாம்பழக்கூழ் டின்.

பழையபேட்டையில் ஜெராக்ஸ் கடைக்கு மேல் என் அறை.
மே மாதத்து மதியத்தில்
டேப்லெட் பேனாவுக்கும் வியர்க்கும்.
முதல் எட்டுப் பக்கம் சுலபம்:
பூ, பிஞ்சு, தத்துப்பூச்சியோடு ஒரு சண்டை,
சையத் பாஷா மலைமேல் ஒற்றை மேகம்,
வேப்பனப்பள்ளி ரோட்டில் குலுங்கிவரும் டெம்போ,
கிரேட்டுக்கு வெளியே தலைநீட்டி
போகிற வருகிறவர்களுக்கெல்லாம்
கையாட்டும் குட்டி.
அதன் கண்ணில் ஒரு வெள்ளைப் புள்ளி வைத்தேன்.
அந்தப் புள்ளிதான் உயிர்.
அது இல்லாவிட்டால் பொத்தான்.

ஒன்பதாம் பக்கத்துக்கு ஒரே வரி:
'குட்டி மிஷினுக்குள் ஜாலியாகக் குதித்தது.'

சறுக்குமரமாக வரைந்தேன்.
மேலே சிரிப்பு, கீழே பல்சக்கரம்.
நீச்சல் கண்ணாடி மாட்டிப் பார்த்தேன். இன்னும் மோசம்.
கண்ணை மூடித் தூங்கவைத்தேன்.
'செத்தமாதிரி இருக்கேம்மா' என்று
வாய்ஸ் மெசேஜ் வந்தது.
திறந்தேன்.
அது என்னையே பார்த்தது.
இப்படி ஆறு தடவை.
ஆறாவது தடவை கைகளையும் எடுத்துவிட்டேன்,
போகிற போக்கில்
எதையாவது பிடித்துக்கொள்ளுமோ என்று.

நேரில் பார்த்துவிடலாம் என்று
கந்திகுப்பம் பஸ் ஏறினேன்.
வலைத்தொப்பியும் ரப்பர் பூட்ஸும் கொடுத்தார்கள்.
பெல்ட்டின் இரண்டு பக்கமும் பெண்கள்.
அழுகல் ஒரு கூடை, காய்வெட்டு ஒரு கூடை,
மற்றதெல்லாம் மேலே போகும்.
நாகவேணி ஏப்ரனில் கை துடைத்துக்கொண்டு
என் ஃபோனை எட்டிப் பார்த்தார்.
'நல்லாத்தான் இருக்குது.
இதுக்குக் கண்ணு வெச்சுட்டீங்கன்னா
நாளைக்கு நாங்க எப்பிடி வேலை செய்யறது?'
பக்கத்திலிருந்தவர் தெலுங்கில் ஏதோ சொல்ல
வரிசையே சிரித்தது.
பெல்ட் நிற்கவில்லை.

பின்புறம் கொட்டை மலை. ஈ. புளித்த வாடை.
போன வாரத்து மழையில்
அடிவாரத்துக் கொட்டைகள் சில
செம்புநிறத்தில் இலை விட்டிருந்தன.
பதினோராம் பக்கத்தில் இதை வரையட்டுமா என்றேன்.
'அது குப்பைம்மா.
ஃபாரின் பார்ட்டிங்களும் புக்கைப் பார்ப்பாங்க.'

அன்று இரவு
மாங்காயை எடுத்தேன். மிஷினை எடுத்தேன்.
சறுக்குமரத்தை எடுத்தேன்.
மிஞ்சியது மஞ்சள்.
ஓரத்திலிருந்து ஓரம்வரை,
பெங்களூரா பழுத்து
நாலாம் நாள் வெட்டினால் வருகிற மஞ்சள்.
வாசகத்தைக் கீழே அப்படியே விட்டேன்,
குதிக்கிறவர்கள் குதிக்கட்டும்.

திம்மராயன் சார்
பெரிதாக்கிப் பார்த்தார், சிறிதாக்கிப் பார்த்தார்,
ஃபோனைத் தலைகீழாகவும் பிடித்துப் பார்த்தார்.
'ஒண்ணுமே இல்லையேம்மா.
இதுக்கும் அதே ரேட்டா?'

பதினொரு பக்கத்துக்குப் பணம் வந்தது.
பன்னிரண்டும் அச்சாகியது.

ஆடி மாதம் நாகவேணி கூப்பிட்டார்.
அவர் மகன் அங்கன்வாடியில்
அந்தப் பக்கத்தை நக்கிவிட்டானாம்.
'ஏன்டான்னு கேட்டா
இனிக்கலைன்னு அழறான்.
புக்கு ஊறிப்போச்சு, இன்னொண்ணு கிடைக்குமா?'

அனுப்பிவைத்தேன்.

கண்களை நான் அழிக்கவில்லை.
தனி லேயரில் மறைத்துத்தான் வைத்திருக்கிறேன்.
வேறு யாருக்கோ முயல் வரைகிற இரவுகளில்
எப்போதாவது அதைத் திறப்பேன்.
வெறும் மஞ்சளில் ஆறு ஜோடி,
ஐந்து விழித்தபடி,
ஒன்று தூங்கியபடி.